பென்சிலால் எழுதிய மூன்று வரி

அமுதா, என் கண்ணு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே, "இன்னாக்கா, இன்னிக்கு யாரு மேல புகாரு?" என்று கேட்டிருப்பாய். இந்தத் தடவை புகார் என் மேல்தான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருப்பவர்களிடம் சொன்னால் ஆளாளுக்கு எனக்காகப் பரிந்து பேசி, விஷயத்தை மூடிவிடுவார்கள். நீ அப்படிச் செய்ய மாட்டாய்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பிரியட் முடிந்து வந்து, தலைவலி என்று மேஜையில் சாய்ந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்று பிறகு சொன்னார்கள். அன்று காலையிலேயே நீ ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் துருவித் துருவிக் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை. எத்தனை நாளாக வலித்தது? என்னிடம் மறைத்தாயா, இல்லை உனக்கே அது பெரிதாகத் தெரியவில்லையா? இன்னமும் இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் பேச்சு மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு டீச்சருக்கும் மேடைப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தலைமையாசிரியையிடம் வாதாடிப் பார்த்தேன். "நீங்கதான அவங்க கூடவே சுத்திக்கினு இருந்தீங்க" என்றார். ஒத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியட், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர், உன்னுடைய நீலப் பிளாஸ்டிக் குடம், ஒரு டப்பா நிறையப் பென்சில். இவ்வளவுதான் நீ எனக்கு விட்டுப்போன சொத்து.

உன் முறையை நான் எப்போதும் கிண்டல் செய்வேன், நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு தாளில் பேச்சின் குறிப்பை எழுத வேண்டும்: எப்படித் தொடங்குவது, நடுவே என்னென்ன சொல்வது, எங்கே முடிப்பது. பிறகு எல்லார் பெயரும் சீட்டாகக் குடத்துக்குள் போகும். ஒருத்தி வந்து கைவிட்டு ஒரு சீட்டை எடுப்பாள். அவளும் சீட்டில் வந்த பெயரும் அன்றைக்கு ஜோடி. ஒருவர் குறிப்பை மற்றவர் படித்து, அடியில் பென்சிலால் மூன்று வரி எழுத வேண்டும். பிடித்தது ஒன்று, புரியாதது ஒன்று, ஒரு கேள்வி. குறிப்புக்குச் சொந்தக்காரர் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தன் பேச்சில் சேர்த்த பிறகுதான் ரப்பரைத் தொடலாம். பதில் சொல்லாமல் அழிக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம்.

குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு குடத்தில் சீட்டுப் போடாவிட்டால் எப்படி என்பாய். சரி, அது உன் குறும்பு. ஆனால் எனக்கு அந்த மூன்று வரி மேல்தான் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் பிள்ளைகளைத் திருத்துவதாவது, எல்லாம் முகதாட்சண்யம் என்றேன். ஒருநாள் ஆண்டு விழாவில் பேசப்போவதாக உன் குறிப்புத் தாளையே என்னிடம் நீட்டினாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், பார்க்காமலே "நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். என் கண்ணெதிரே அதை ரப்பரால் தேய்த்துவிட்டு, "படிச்சிட்டு எழுதுக்கா" என்று மறுபடியும் நீட்டினாய். அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

நீ எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. அக்கா. வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை நான் பதக்கமாகத்தான் குத்திக்கொண்டு திரிந்தேன். யாராக இருந்தாலும் நம்ப மாட்டேன், எல்லாரும் எனக்கு ஒன்றுதான் என்று ஆசிரியர் அறையில் சவடால் பேசுவேன். அந்தச் சவடால்தான் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

முதல் இரண்டு மாதம் குடத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நான் என் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கார்த்திகையில்தான் நிமிர்ந்து பார்த்தேன். தாரணிதான் எப்போதும் முந்திக்கொண்டு முதலில் சீட்டு எடுக்க வருவாள். ஏரிக்கரைப் பக்கம் பெரிய வீடு, அப்பா பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர், உனக்குத் தெரியும். அவள் கையில் வந்த பெயர் ஜெனிபர். அடுத்த வெள்ளியும் ஜெனிபர். அதற்கடுத்த இரண்டு வெள்ளியும் ஜெனிபர். காலனியிலிருந்து வருகிற ஒல்லிப் பெண், கடைசி பெஞ்ச், அம்மா தாரணி வீட்டுக் கழனியில் நாற்று நடப் போகிறவர்.

பதினான்கு பேரில் ஒருத்திக்கு இன்னொருத்தி ஜோடியாக வருவதற்குப் பதிமூன்றில் ஒரு வாய்ப்பு. அடுத்த மூன்று வாரமும் அதே பெயர் வருவதற்கு, பதிமூன்றை மூன்று முறை பெருக்கிக்கொள். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழில் ஒன்று. கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு அழித்தேன். குடத்தில் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சந்தேகப்படுகிறவள் உடனே கேட்டுவிட்டால் ருசி போய்விடும், இல்லையா?

இந்த நேரத்தில் மாவட்டப் பேச்சுப் போட்டி அறிவிப்பு வந்தது. தலைப்பு, என் ஊரும் மக்களாட்சியும். பள்ளிக்கு ஒருவர்தான். பதினான்கு தாளையும் வாங்கிப் படித்தேன். நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே, அதேதான். "உலகுக்கே தேர்தல் முறையைக் கற்றுக்கொடுத்த மண் இது" என்று பன்னிரண்டு பேர் தொடங்கியிருந்தார்கள். மீதி இரண்டு தாளும் வேறு மாதிரி இருந்தன. ஆனால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சு அசல்.

"குடத்துக்குள் யார் பெயர் போகவில்லை?" என்று இரண்டும் தொடங்கின. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தவர் பெயரைத்தான் ஓலையில் எழுதினார்கள், அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர் பெயரை யாரும் எழுதவில்லை என்பது இரண்டிலும் முதல் குறிப்பு. ஒன்று தாரணியுடையது, இன்னொன்று ஜெனிபருடையது. இரண்டின் அடியிலும் பென்சில் வரிகளைச் சுத்தமாகத் தேய்த்து அழித்திருந்தார்கள். அவ்வளவு சுத்தம் எனக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது.

அன்றைக்கு என் மூளை எப்படி ஓடியது என்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். தாரணி வீட்டில் புத்தகம் இருக்கிறது, நல்ல போன் இருக்கிறது, எடுத்துச் சொல்ல அப்பா இருக்கிறார். ஜெனிபருக்கு என்ன இருக்கிறது? வாராவாரம் தாரணியின் தாளைக் கையில் வாங்குவதற்காகவே குடத்தில் ஏதோ செய்திருக்கிறாள். இரண்டையும் இரண்டையும் கூட்டினேன், விடை வந்துவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா? விடையைச் சரிபார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், சரிபார்க்கவே இல்லை.

ஜெனிபரை மட்டும் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, என் எதிரே உட்கார்ந்து அந்தக் குறிப்பை மறுபடியும் எழுதச் சொன்னேன். மற்ற டீச்சர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிடுகிடுவென்று எழுதினாள். முதல் தாளில் இல்லாத இரண்டு குறிப்புகளைக்கூடச் சேர்த்து எழுதினாள். நான் அதையும் நம்பவில்லை. மனப்பாடம் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இந்தத் தொடக்கம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். "நானு காப்பி அடிக்கல மிஸ். இன்னும் ஒருவாட்டி எழுதிக் காட்டணுமா?" என்றாள். குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. இதைப் போலப் பல தடவை எழுதிக் காட்டிப் பழகியவள் குரல் அது. நான் போகச் சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் மன்றத்துக்கு வரவில்லை. போட்டியும் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். குற்றம் உள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை நீ மன்னிப்பாயா?

தலைமையாசிரியை தாரணியின் பெயரை எழுதிவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். ஆனாலும் குடத்தில் என்னதான் நடந்தது என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் வெள்ளிக்கிழமை ஜெனிபரை ஆள் விட்டு வரவழைத்தேன். அன்று சீட்டுகளைப் பிள்ளைகள் எழுதவில்லை. ஒரே அளவில் வெட்டி, நானே எழுதி, ஒரே மாதிரி மடித்துப் போட்டேன்.

தாரணி வழக்கம்போல முதலில் வந்தாள். குடத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள், துழாவினாள், வளையல் குடத்தின் வாயில் இடிக்கத் துழாவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏதோ ஒரு சீட்டோடு கையை எடுத்தாள். வேறு யாரோ பெயர். அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தேன். எனக்கு ஒரே குஷி. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிடித்தது யாரை என்றுதான் அப்போது தெரியவில்லை.

மணி அடித்ததும் தாரணி போகாமல் நின்றாள். அன்று அவள் தாளில் வந்திருந்த மூன்று வரியை என்னிடம் காட்டினாள். பிடித்தது: அருமை. புரியாதது: இல்லை. கேள்வி: இல்லை, சூப்பர். வேறொரு பிள்ளை எழுதியது. நான் ஒன்றும் கேட்காமலே அவளாகச் சொன்னாள்.

"அவ சீட்டுல மூல மடிச்சிருக்கும் மிஸ். கைல தட்டுப்படும். நாங்கதான் அப்டி வெச்சிக்கினோம்."

எதற்கு என்று கேட்டேன்.

"எங்கப்பா பேரப் பாத்துட்டு எல்லாம் அருமை அருமைன்னு எழுதுதுங்க மிஸ். அவ ஒருத்திதான் படிச்சிட்டு எழுதறா. அவளுக்கும் அதே கதிதான். படிக்காமயே நன்றுன்னு எழுதிக் குடுத்துடறாங்க."

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை, அமுதா. பழக்க தோஷம். அவர்கள் இருவரின் பழைய தாள்களையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் போய்விட்டது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. தாரணியின் தாளில், கேள்வி என்ற இடத்தில் ஜெனிபரின் சாய்ந்த கையெழுத்து: "உங்க ஆளுங்க பேரு குடத்துல இருந்திருக்கும். எங்க பேரு இருந்திருக்குமா?" ஜெனிபரின் தாளில் தாரணியின் குண்டு எழுத்து: "என்கிட்ட கேட்டத உன் பேச்சுல ஏன் கேக்கல?"

அவ்வளவுதான் விஷயம். ஜெனிபர் தன் பேச்சில் சொல்லத் துணியாததைத் தோழியின் தாளில் கேள்வியாகக் கேட்டாள். தாரணி அதற்குப் பதில் தேடித் தன் பேச்சின் தலையில் வைத்தாள். ஜெனிபரும் தோழி கேட்ட பிறகு அதையே தன் பேச்சின் தொடக்கத்தில் வைத்தாள். நீ போட்ட சட்டப்படி பதில் எழுதிய பிறகு இருவரும் ரப்பரால் அழித்தார்கள். நான் குற்றம் என்று பார்த்த சுத்தம், நீ சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

உன் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆனி மாதத்திலிருந்தே அந்த இரண்டு பெயரும் வாரம் தவறாமல் ஜோடியாக இருக்கின்றன. நீ கவனிக்காதவள் இல்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? இல்லை, சி.ஐ.டி. அக்காவிடம் சொன்னால் கெடுத்துவிடுவாள் என்று பயந்தாயா? உன் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது பார். வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் நீ பயந்திருந்தால் அது சரியான பயம்தான்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். ஜெனிபரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று முதலில் தோன்றியது. எல்லார் எதிரிலும் உட்காரவைத்து எழுத வைத்தவள், தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது என்ன நியாயம்? அதனால் திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் சொல்வது என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது? நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பேச்சுக்குக் குறிப்பு எழுதினேன். தொடக்கம், நடு, முடிவு. எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர்கள் சர்ச் முடிந்து வருகிற நேரம் பார்த்து ஜெனிபர் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பதறிப்போய் நாற்காலி தேடினார். அந்தப் பதற்றத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. வாசலில் நின்றபடியே ஜெனிபரிடம் தாளையும் ஒரு பென்சிலையும் நீட்டினேன். மன்றத்தில் எழுதுவாயே, அந்த மூன்று வரி எழுதிக் கொடு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் எதற்கு வந்திருக்கிறாள், இதில் என்ன வலை இருக்கிறது என்று அவளுக்கு ஓடியிருக்கும். சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமா என்ன? அவளுக்கு என்னைவிட நல்ல காரணம் இருக்கிறது.

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். அவள் எழுதியதை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

பிடித்தது: மைக்கில் சொல்லப் போவது.

புரியாதது: "சில மாணவிகள் மனம் புண்பட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சில மாணவிகள் இல்லை. நான் ஒருத்திதான்.

கேள்வி: ரெண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தபோது முதலில் என்னை மட்டும் ஏன் கூப்பிட்டீர்கள்?

படித்துவிட்டு நிமிர்ந்தேன். போட்டிக்குப் பெயர் தருவாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள்: "நாளிக்கி நீங்க இன்னா பதில் சொல்றீங்கன்னு கேட்டுட்டுதான் மிஸ், பேரு குடுக்கறதா வேணாமான்னு பாப்பேன்." அவள் அம்மா அவள் கையைக் கிள்ளினார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

தலைமையாசிரியைக்குப் போன் செய்து, நாளை மாலைவரை பெயரை அனுப்ப வேண்டாம், நாளைக் கடைசிப் பிரியடில் மன்றத்தைக் கூட்டி இருவரையும் பேசவைத்துப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். ஜெனிபர் வந்தால்தான் அதற்கும் அர்த்தம். அவள் வருவது நாளை நான் வாயைத் திறந்து சொல்லப்போகிற பதிலில் இருக்கிறது.

பதில் எனக்குத் தெரியும், அமுதா. தாள் கைக்கு வந்த நிமிஷத்திலேயே தெரியும். தென்னேரியில் என் அப்பா வீட்டில் களத்து நெல்லில் ஒரு மூட்டை குறைந்தால், வீட்டு ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அறுப்புக்கு வந்தவர்களைத்தான் வரிசையாக நிறுத்துவார்கள். பாவாடை கட்டிய வயசில் ஓரமாக நின்று அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எல்லாரையும் சமமாகச் சந்தேகப்படுகிறேன் என்று இத்தனை வருஷம் பெருமை பேசினேன். அன்றைக்கு முதலில் என் கை யாரை நோக்கி நீண்டது? யோசிக்காமலே நீண்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதும் நாளை நாலு பேர் எதிரில் சொல்லப்போவதும் ஒரு நடிப்போ, நல்லவள் என்று பெயர் வாங்கத்தானோ என்று என் மேலேயே எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. இருக்கட்டும். இனி இந்தக் குணம் போகாது. போகாத குணத்தை முதலில் என் பக்கம் திருப்பிவைக்கவாவது பழகுகிறேன்.

தாள் இதோ என் எதிரே இருக்கிறது. "சில மாணவிகள்" என்பதை அடித்துவிட்டு ஜெனிபர் என்று எழுதிவிட்டேன். களத்து நெல் கதையைத் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன். உன் டப்பாவிலிருந்து ரப்பரையும் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் தொடவில்லை. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அமுதா: நாளைக் காலை அத்தனை பிள்ளைகள் எதிரில் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்து, அதற்குப் பதிலும் சொல்வேன். பதில் போதுமா போதாதா என்று ஜெனிபர்தான் சொல்ல வேண்டும். ரப்பரை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

படிக்காமல் "நன்று" என்று எழுதித் தந்த,
உன் சரசக்கா
உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்